கம்பு, முருங்கை, கரையான்: கோழித் தீவனத்தைத் தோட்டத்திலேயே எடுத்த அனுபவம்

கோழிக்கு வேண்டிய தீவனம் முழுவதையும் வீட்டுத் தோட்டத்திலேயே விளைவித்துவிடலாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பாதிச் செலவு குறையும், அவ்வளவுதான். அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் மண்ணில் சிறுவிடை என்னும் சின்ன நாட்டுக்கோழிகளில் பத்துப் பன்னிரண்டை வருடக்கணக்கில் வளர்த்துப் பார்த்ததில் எனக்குத் தேறிய கணக்கு இது.

முதலில் கம்பு. புரட்டாசி மழைக்கு விதைத்தால் தை பிறப்பதற்குள் கதிர் கைக்கு வந்துவிடும். மானாவாரியில் ஒரு சென்டுக்கு ஐந்தாறு கிலோ கிடைத்தால் நல்ல விளைச்சல். ஒரு சிறுவிடை நாளுக்கு 70, 80 கிராம் தின்னும். அப்படியென்றால் ஒரு சென்ட் கம்பு ஒரு கோழிக்கு இரண்டு மாதம் வரும். பத்துக் கோழிக்கு வருடம் முழுக்க வேண்டுமானால் 60 சென்ட் வேண்டும்! கிளியும் மைனாவும் எடுத்துக்கொள்ளும் பங்கு தனி. பகலில் மேயவிடுவதால்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகிறது. கதிரை அடித்துத் தூற்றாமல் அப்படியே காயவைத்து, இரண்டிரண்டாகப் போடுகிறேன். கொத்தி உதிர்ப்பது கோழியின் வேலை, நமக்கு ஏன் அந்தச் சிரமம்?

கம்பை ஈரத்துணியில் முளைகட்டியும் போடலாம். சோளத்தை மட்டும் முளைகட்ட வேண்டாம். முளையிலும் இளம்பயிரிலும் சயனைடு நச்சு உண்டு. இளம் சோளப் பயிரை மேய்ந்து மாடு செத்த கதை எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரியும். முற்றிக் காய்ந்த சோளத்தில் அந்தப் பயம் இல்லை.

தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவைத்தான் ஊரே புகழ்கிறது. உலர்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் இருப்பது உண்மை. ஆனால் நாம் போடுவது தொட்டியில் அள்ளிய பச்சை. அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் 15 கிராம் புரதம் தேறினாலே பெரிது. இரண்டு முட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதற்குத் தார்ப்பாய், சாணி, நிழல், நல்ல தண்ணீர் எல்லாம் வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சித்திரை வெயிலில் பாசி வெந்து பழுப்பாகிவிடும். "கோழிக்குப் போயி குளம் வெட்டணுமாக்கும்?" என்று அத்தை சிரித்தார். காவிரிப் பாசனத்துக்காரர்களுக்குச் சரிப்படலாம். எங்களுக்கு அது வேலைக்காகவில்லை.

முருங்கை அப்படியில்லை. சித்திரையிலும் தழை தரும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும் என்பதால், கொப்பைக் கயிற்றில் கட்டிக் கோழியின் தலை உயரத்துக்குத் தொங்கவிடுகிறேன். கீரை தின்னும் கோழியின் மஞ்சள்கரு நல்ல நிறமாக இருக்கும். முட்டை வாங்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சவுண்டல் (சூபாபுல்) மரத்தின் தழையிலும் புரதம் அதிகம்தான். ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் இருப்பதால் நான் அதைத் தொடுவதே இல்லை.

கரையானைக் குஞ்சுகளுக்குப் போடுகிறேன். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைக்க வேண்டும். காலையில் தூக்கினால் உள்ளே மொய்த்துக் கிடக்கும். குஞ்சுகள் அதற்குப் பறக்கிற பறப்பைப் பார்க்க வேண்டுமே! தோட்டத்தில் செலவே இல்லாத புரதம் இது ஒன்றுதான். பானையை வீட்டுச் சுவரிலிருந்தும் மர நிலைகளிலிருந்தும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோழிக்கு இது வாய்க்குப் பத்தாது. அவை எருக்குழியைக் கிளறிப் புழு தேடிக்கொள்ளும்.

தோட்டம் தராத ஒன்று சுண்ணாம்புச் சத்து. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் மூன்றரை சதவீதத்துக்கு மேல் கால்சியம் வேண்டும், கீரையும் தானியமும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காது. முட்டை ஓட்டை வறுத்து நுணுக்கிப் போடுகிறேன். பத்தாததற்குக் கிளிஞ்சல் வாங்கிப் பொடித்து ஒரு சிரட்டையில் தனியாக வைத்துவிடுவேன், வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். மக்காச்சோளக் குருணையும் கடலைப் புண்ணாக்கும் இன்னும் கடையில்தான். புண்ணாக்கில் பூசணவாடை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்குவதில்லை.

அப்புறம் வேலி. முருங்கைக் கன்றையும் கம்பு நாற்றையும் சுற்றி முள்ளடைக்காவிட்டால், முளைத்த அன்றே கிளறித் தின்றுவிடும்.