ஏ.ஐ.ஜி.ஏ. டிசைன் ஒப்பந்தப் படிவம்: எதை எடுக்கலாம், எதை வெட்டலாம்

டிசைன் தொழில் ஆரம்பிக்கிறவர்கள் தங்கள் லோகோவையும் வெப்சைட்டையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுவார்கள். ஒப்பந்தம் மட்டும் வாட்ஸ்அப்பில் வரும் 'ஓகே, ஆரம்பிங்க' என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். அந்தக் குறையைத் தீர்க்க இலவசமாகக் கிடைப்பவற்றில் உருப்படியானது, அமெரிக்க டிசைனர் சங்கமான ஏ.ஐ.ஜி.ஏ. வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம். இங்கே பார்ப்பது 2009ஆம் ஆண்டுப் பதிப்பு.

இது ஒரே துண்டாக இல்லை. எல்லா வேலைக்கும் பொருந்தும் அடிப்படை விதிகள் ஒரு பகுதி, அறிவுசார் சொத்துரிமை தனி இணைப்பு. அச்சு வேலை, வெப் வேலை, கட்டடத்துக்குள் வைக்கும் பலகை போன்ற வேலைகளுக்குத் தனித்தனி துணைப் பகுதிகள் உண்டு; தேவையானதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் என்ன வேலை, எத்தனை மாதிரி, எத்தனை சுற்றுத் திருத்தம், எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்பதெல்லாம் நாமே எழுதி முன்னால் வைக்க வேண்டிய புரொபோசலில்தான் வரும். அதை 'லோகோ டிசைன் செய்து தரப்படும்' என்று ஒரே வரியில் முடித்தால், பின்னால் எத்தனை பக்க விதி இருந்தும் பிரயோஜனமில்லை. ஏழாவது திருத்தம் கூடுதல் வேலையா இல்லையா என்பதை அந்த வரி சொல்லாது.

படிவத்தின் உண்மையான பலம் அதன் வரையறைகள். இறுதி வேலை, ஆரம்பக்கட்ட வேலை, டிசைனரின் கருவிகள், மூன்றாம் தரப்புப் பொருள், க்ளையன்ட் கொடுத்தவை என்று ஒவ்வொன்றையும் பிரித்துவிட்டு, பிறகுதான் எது யாருக்கு என்று பேசுகிறது. மூன்று லோகோ மாதிரி காட்டி ஒன்று தேர்வாகிறது என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து, வேண்டாம் என்று தள்ளிய இரண்டாவது மாதிரி க்ளையன்ட்டின் இன்னொரு கடைப் பெயர்ப்பலகையில் தொங்கும். இந்தப் படிவத்தில் ஆரம்பக்கட்ட வேலைகளின் உரிமை முழுக்க டிசைனருடையது. வேலை முடிந்த 30 நாளுக்குள் க்ளையன்ட் அவற்றைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். அதனால் அது தனி வேலை, தனி பில் என்று தயங்காமல் கேட்கலாம்.

அடுத்து, காசு. இன்வாய்ஸ் கிடைத்த 30 நாளுக்குள் பணம், தாமதமானால் மாதம் 1.5 சதவீதம் கட்டணம் என்கிறது. அந்தச் சதவீதத்தை வசூலிப்பவர் அரிது. அதைவிடக் கூரிய வரி இன்னொன்று இருக்கிறது: முழுத் தொகையும் வந்தால்தான் உரிமமோ பதிப்புரிமையோ க்ளையன்ட்டுக்குப் போகும். பாக்கி வைத்துவிட்டு டிசைனைப் பயன்படுத்தினால், அது வெறும் கடன் விவகாரமாக நிற்காமல் பதிப்புரிமை மீறலாகிவிடும். வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். டெலிவரி கொடுத்து ஐந்து வேலை நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளும் விதியும், 'பாஸ் ஊர்ல இல்ல, பார்த்துட்டுச் சொல்றோம்' என்று மாதக்கணக்கில் இழுப்பதை நிறுத்திவிடும்.

ஃபான்ட், ஸ்டாக் படம் (தளங்களில் உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் ஆயத்தப் படம்) விஷயத்தில் படிவம் சரியாகத்தான் சொல்கிறது: தேவையான உரிமத்தை டிசைனர் தெரிவிக்க வேண்டும், செலவு க்ளையன்ட்டுடையது. தவறு நடப்பது நடைமுறையில். கணினியில் பயன்படுத்த வாங்கிய ஃபான்ட் உரிமம் வெப்சைட்டுக்கோ ஆப்புக்கோ பெரும்பாலும் செல்லாது. ஓப்பன் ஃபைலோடு (திருத்தக்கூடிய மூல ஃபைல்) ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து அனுப்புவதும் பல உரிமங்களில் தடை. பெரிய ஸ்டாக் தளங்களின் வழக்கமான உரிமம் படத்தை லோகோவாகவோ டிரேட்மார்க்காகவோ பயன்படுத்த விடாது. ஆகவே ஃபான்ட், படம் ஒவ்வொன்றின் பெயர், உரிம வகை, யார் பெயரில் வாங்கியது என்று புரொபோசலில் ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். படிவத்தில் அதற்கு இடம் கிடையாது, பெரிய குறைதான்.

இன்னொரு குறை, எழுதப்பட்டது அமெரிக்கச் சட்டத்தை மனதில் வைத்து. 'ஒர்க் ஃபார் ஹயர்', அதாவது செய்யச் சொன்னவரே ஆரம்பத்திலிருந்து பதிப்புரிமைக்காரர் என்ற சொல்லை அங்கிருந்து பிடித்துக்கொண்டு எல்லா ஒப்பந்தத்திலும் ஒட்டுகிறார்கள். வெளியாளிடம் கொடுத்துச் செய்யும் வேலைக்கு, அமெரிக்காவிலேயே 1976 பதிப்புரிமைச் சட்டம் சொல்லும் ஒன்பது வகைகளுக்குள் வந்தால்தான் அது செல்லும். தனி லோகோ அந்த வகைகளில் இல்லை. உரிமையை முழுதாகக் கொடுப்பதாக இருந்தால் எழுத்துமூலம் கைமாற்றுவதாக எழுதி, இருவரும் கையெழுத்திடுவதே தெளிவு. எந்த நீதிமன்றம், எந்தச் சட்டம் என்ற வரியையும் நஷ்டஈட்டுப் பொறுப்பின் வரம்பையும் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். டிசைனரின் பொறுப்பு அந்த வேலையின் நிகர லாபத்தைத் தாண்டாது என்கிறது படிவம். படிக்கச் சுகமாக இருக்கிறது. எல்லா ஊரிலும் அப்படியே நிற்கும் என்று நம்ப வேண்டாம். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் அந்தப் பெயரில் கையெழுத்திடுங்கள். சொந்தப் பெயரில் போட்டால் பொறுப்பு உங்கள் தலைக்கே வந்துவிடலாம்.

சின்ன வேலைக்கு முழுப் படிவத்தை நீட்டினால் க்ளையன்ட் மிரண்டுவிடுவார். புரொபோசல், பணம், ஏற்பு, சொத்துரிமை, ரத்து ஆகியவற்றை மட்டும் வைத்து இரண்டு பக்கத்துக்குள் சுருக்கலாம். டிசைனரின் ஊழியர்களை க்ளையன்ட் இழுத்துக்கொண்டால் கமிஷன் தர வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிடலாம். தனி ஆளாகத் தொழில் நடத்துபவரிடம் இழுத்துக்கொண்டு போக ஆளே கிடையாது.