மீன் தொட்டி ஸ்டாண்ட்: மரச் சட்டமா, பிளைவுட் பெட்டியா?

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியை வைத்தே பேசுகிறேன். ஒன்பது கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்றால், விளிம்பு வரை 250 லிட்டருக்கு மேல் பிடிக்கும். 10 மி.மீ. கண்ணாடியே 50 கிலோ வரும். மணல், கல் ஒரு 30 கிலோ. மொத்தம் 320 கிலோவுக்குக் குறையாது. ஐந்து பெரியவர்கள் மேலே ஏறி, வருடக்கணக்கில் இறங்காமல் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மரச் சட்டம் என்றால் பலரும் முதலில் கேட்பது என்ன மரம் என்றுதான். என்னைக் கேட்டால் பூட்டு, அதாவது கட்டையும் கட்டையும் சேரும் இணைப்பு, எப்படி என்று முதலில் கேட்க வேண்டும். நான் முதலில் செய்த ஸ்டாண்டில் கால்களை மேல்சட்டத்தின் பக்கவாட்டில் ஒட்டி, ஸ்க்ரூ அடித்து நிறுத்தினேன். நல்ல தேக்கு. ஆனாலும் எட்டு மாதத்தில் ஒரு மூலை தாழ்ந்துவிட்டது. காரணம், முழு எடையும் ஸ்க்ரூக்களில் தொங்கியது. காலின் தலைமேல் சட்டம் உட்கார வேண்டும். அப்போது எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கி நேராகத் தரைக்குப் போகும். ஸ்க்ரூவுக்கு வேலை விலகாமல் பிடிப்பது மட்டும்தான். ஆசாரியிடம் கொடுத்தால் துளை செதுக்கிக் காலின் முனையை அதில் இறக்கிப் பூட்டுவார், அது இன்னும் உறுதி.

இன்னொன்று, மூன்றுக்கு இரண்டு கட்டையைப் படுக்கப் போடாதீர்கள். மூன்று அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கட்டும். அதே கட்டைதான், ஆனால் வளையாமல் தாங்கும் திறன் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது.

இப்போது மரத்துக்கு வரலாம். தேக்குக்குத் தண்ணீரும் கரையானும் பெரிய பயமில்லை, விலைதான் பயம். வேம்பு கனமாக நிற்கும், பூச்சி அண்டாது. ஆனால் நன்றாகக் காயாத வேம்பு பிறகு முறுக்கிக்கொள்ளும். பேக்கிங் பெட்டி உடைத்த பைன் மரம் மலிவு, இழைக்கவும் சுலபம். அதில் ஹெச்.டி. (HT) என்று முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, வாங்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். பைனின் குறை ஈரம்தான். இரண்டு மூன்று கோட் வார்னிஷ் பூசாமல் விட்டால் கால் அடியில் உளுத்துவிடும்.

பிளைவுட் பெட்டிக்கு அடிப்படையே வேறு. இங்கே காலே கிடையாது, 18 மி.மீ. பலகைகள் நெட்டுக்கு நின்று சுவர் போலத் தாங்குகின்றன. இரு பக்கம், நான்கடிக்கு நடுவில் ஒரு தடுப்பு, பின்பலகை. சட்டத்தை விட இது ஒரு விஷயத்தில் உசத்தி: பக்கவாட்டில் ஆடவே ஆடாது. குழந்தைகள் ஓடி வந்து மோதும் வீட்டில் இது பெரிய நிம்மதி. சட்டத்தில் அந்த உறுதி வர, பின்னால் குறுக்குச் சாய்வாக ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடிக்க வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் பிளைவுட்டில் தரம் பார்க்காமல் வாங்கினால் எல்லாம் வீண். கமர்ஷியல் பிளைவுட்டின் பசை ஈரத்துக்கு நிற்காது. தண்ணீர் மாற்றும்போது சிந்தும் அரைக் குவளை போதும், விளிம்பு ஏடு ஏடாகப் பிரியும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டே வாங்குங்கள். தரச் சோதனையில் அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாக்குப்பிடிக்க வேண்டும். அறுத்த விளிம்புகளையும் குழாய்க்குப் போட்ட துளைகளையும் பெயின்ட்டால் மூட மறக்கக் கூடாது. எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்று போதாது, இரண்டாவதிலும் கை வைக்க வேண்டி வரும். செலவு ஏறுவது அங்கேதான்.

பார்ட்டிகிள் போர்டு டி.வி. ஸ்டாண்டில் தொட்டி வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஈரம் பட்டதும் ஊதிவிடும். இரும்பு ஆங்கிள் ஸ்டாண்ட் எடையைத் தாங்கும், ஆனால் உப்புநீர்த் தொட்டியின் கீழே துருவோடு ஓயாத மல்லுக்கட்டு.

கையில் ரம்பமும் டிரில்லும் மட்டும் உள்ளவருக்கு நான் சொல்வது பைன் சட்டம்தான். கால் மேல் சட்டம், மேலே 18 மி.மீ. மரைன் பலகை, பின்னால் மெல்லிய பிளைவுட் தகடு. வடிகட்டியை உள்ளே ஒளித்து, கதவு போட்டு மூட ஆசைப்படுபவர் பெட்டிக்குப் போகலாம். பலகைகளைக் கடையிலேயே மெஷினில் நேராக அறுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

எதைச் செய்தாலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரை சரிவாக இருந்தால் காலடியில் ஆப்பு வைத்துச் சரிசெய்த பிறகே தொட்டி ஏற வேண்டும். தொட்டியின் அடிக்கண்ணாடி நேரடியாகப் பலகையில் படும்படி இருந்தால் இரண்டுக்கும் இடையே தெர்மோகோல் ஷீட் ஒன்று விரியுங்கள். முதல் நாள் பாதி தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க விடுங்கள். காலையில் மறுபடி ரசமட்டம். குமிழி நகரவில்லை என்றால் மீதியை நிரப்பி, இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு அப்புறம் மீன் வாங்கப் போங்கள்.