வெறித்துப் பார்க்கும் வலிப்பு, வெட்டி இழுக்கும் வலிப்பு: மூளைக்குள் என்ன வித்தியாசம்?

வலிப்பு என்றாலே கை கால் வெட்டி இழுப்பது, வாயில் நுரை, யாராவது சாவிக்கொத்தைத் தேடி ஓடுவதுதான் நம் நினைவுக்கு வரும். (இரும்பால் எந்தப் பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 5 நிமிடம் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.)

அப்சன்ஸ் வலிப்பு அப்படி இல்லை. டிக்டேஷன் எழுதும் பிள்ளை பாதி வார்த்தையில் பேனாவை நிறுத்தி, இமை லேசாகத் துடிக்க, பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் மீதியை எழுதும். கவனம் இல்லை என்று அதற்குத் திட்டு வேறு விழும், பாவம்.

இரண்டிலுமே தலாமஸும் (மூளையின் நடுவில் தகவல்களைக் கடத்தும் பகுதி) மூளைப் புறணியும் (மூளையின் வெளி அடுக்கு) சேர்ந்த வலைப்பின்னல்தான் சிக்குகிறது, ஆனால் தாளம் வேறு. அப்சன்ஸில் அந்த வலைப்பின்னல் விநாடிக்குச் சுமார் 3 முறை துடிக்கிறது, ஈஈஜியில் (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) கூர்முனையும் அலையுமாக அது அப்படியே தெரியும். சும்மா இருக்கும்போது இயங்கும் 'டிஃபால்ட் மோட்' வலைப்பின்னலும் அப்போது மங்கிவிடுகிறது. வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பிலோ நரம்பணுக்கள் முதலில் இடைவெளியே இல்லாமல் மின் துடிப்புகளை வெளியிடுகின்றன, உடம்பு விறைக்கிறது. அப்புறம் நடுநடுவே அந்தத் துடிப்பு அடங்க அடங்க, வெட்டி வெட்டி இழுக்கிறது. முடிந்ததும் குழப்பம், அசதி, தூக்கம்.

மருந்திலும் இது முக்கியம். எத்தோசக்ஸிமைடு அப்சன்ஸை அடக்கும், பெரிய வலிப்பைத் தடுக்காது. கார்பமாசிபைன் அப்சன்ஸை மோசமாக்கவே கூடும். அதனால் பிள்ளை அடிக்கடி வெறித்துப் பார்த்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈஈஜி எடுக்கும்போது 3 நிமிடம் வேகமாக மூச்சு இழுத்து விடச் சொல்வார்கள், அப்சன்ஸ் என்றால் பெரும்பாலும் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.