முதல் ரிக் வாங்கும்போது: 170-ஆ 190-ஆ, சைப்ரஸா விஜிலா?

"அண்ணா, இதப் பாருங்க. 170 கேனபி, நானூறு ஜம்ப்தான் ஆகியிருக்கு. ஏ.ஏ.டி இல்ல, ஆனா விலை ரொம்பக் கம்மி."

போன சனிக்கிழமை ஸ்கைடைவிங் தளத்தில் கேனபியை, அதாவது பாராசூட் துணியை, மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி போனை நீட்டினான். ஒரு பழைய ரிக்கின் விளம்பரம். ரிக் என்றால் மெயின் கேனபி, அவசரத்துக்கான ரிசர்வ் கேனபி, இரண்டையும் அடக்கி முதுகில் மாட்டும் கன்டெய்னர் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. 170 என்பது கேனபியின் பரப்பு, சதுர அடியில். ஏ.ஏ.டி என்பது குதிப்பவர் திறக்காவிட்டால் ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி; சைப்ரஸும் விஜிலும் அதன் பிராண்டுகள். முதல் நிலை உரிமமான ஏ லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம், மொத்தம் 31 குதிப்பு. அமெரிக்க டிராப் ஸோன்களில், அதாவது குதிக்கும் தளங்களில், இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வரும் ஆசைதான் இது. வாடகை ரிக்குக்கு ஒரு குதிப்புக்கு 25, 30 டாலர் கொடுத்துக் கொடுத்துக் கை சலித்துப் போகும். புது ரிக் முழுதாக வாங்கினால் பல ஆயிரம் டாலர் ஆகிவிடும். அப்போது பழையதில் மலிவாக எது கிடைக்கும் என்று தேடத் தொடங்குகிறோம்.

அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ரிக்கில் உள்ள ஒவ்வொரு பொருளையும் நான் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடைபோடுவேன்: எனக்கு மிக மோசமாகப் போகும் ஒரு நாளில் இது என்ன செய்யும்? நல்ல நாளில் எந்த கேனபியும் அழகாகத்தான் இறங்கும்.

170-ஆ 190-ஆ

முதலில் கணக்கு. உடம்போடு ரிக், ஹெல்மெட், உடை எல்லாம் சேர்த்து வரும் மொத்த எடையைப் பவுண்டில் எடுத்துக்கொண்டு, கேனபியின் சதுர அடியால் வகுத்தால் வருவது விங் லோடிங். அந்தத் தம்பி 75 கிலோ. ரிக்கும் மற்றதும் 12 கிலோ. மொத்தம் 87 கிலோ, அதாவது சுமார் 192 பவுண்டு. 190 கேனபியில் 1.01 வருகிறது. 170-இல் 1.13. 150-க்குப் போனால் 1.28. ஏ லைசென்ஸ்காரர்கள் 1.0-ஐத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ-வின் பரிந்துரை.

1.01-க்கும் 1.13-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். லோடிங் ஏற ஏற கேனபி முன்னோக்கிப் போகும் வேகம் கூடும், இறங்கும் வேகமும் கூடும். ஒரு பக்க டாகிளை (கேனபியைத் திருப்பும் கைப்பிடி) இழுத்துத் திருப்பும்போது விழும் உயரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். அது கூடிக்கொண்டே போகும். ஆயிரம் அடியில் அது ஒரு விளையாட்டு. நூறு அடியில் அதே திருப்பம் தரையில் கொண்டுபோய் அடித்துவிடும். குதிப்பவர்கள் சாவது பாராசூட் விரியாமல் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரு குறையும் இல்லாமல் விரிந்த கேனபியின் கீழே, தரைக்குப் பக்கத்தில் அவசரமாகத் திரும்பிச் செத்தவர்களும் கால் இடுப்பு முறிந்தவர்களும் நிறைய.

என்னுடைய மோசமான நாள் 48-வது குதிப்பில் வந்தது. கடைசிக் குழுவாக வெளியேறினேன். கேனபி விரிந்து கீழே பார்த்தால் இறங்கும் இடம் எங்கோ தூரத்தில் இருக்கிறது. திரும்பிப் போய்ச் சேர முடியாது என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஆயிரம் அடி ஆகிவிட்டது. கீழே ஒரு குதிரைப் பண்ணை. காய்ந்த புல் ஒரே பழுப்பாக இருந்ததால் நடுவில் ஓடிய முள்கம்பி வேலி தெரியவே இல்லை. முந்நூறு அடி வாக்கில்தான் வேலியின் கம்பங்கள் வரிசையாகக் கண்ணில் பட்டன. கை தானாக வலது டாகிளை முழுக்க இழுக்கப் போனது. பாடத்தில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்து இரண்டையும் பாதிக்கு இழுத்து, ஒன்றை மட்டும் கொஞ்சம் விட்டுத் தட்டையாகத் திருப்பினேன். கணுக்கால் வீங்கியது, அவ்வளவுதான். என் தலைக்கு மேலே இருந்தது 210. அந்த முந்நூறு அடியில் யோசிக்க நேரம் கொடுத்தது அந்த அளவுதான். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

எடை குறைந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் ரிக்கோடு 62 கிலோ வந்தால் 135 கேனபியில் அவருக்கும் லோடிங் 1.01-தான். ஆனால் அந்த 135-உம் தம்பியின் 190-உம் ஒரே மாதிரி பறக்காது. சின்ன கேனபியின் லைன்களும், அதாவது துணியையும் ஆளையும் இணைக்கும் கயிறுகளும், குட்டையானவை. அதனால் கையசைவுக்குச் சட்டென்று திரும்பும். எண்ணை மட்டும் பார்த்து "எனக்கு 135 சரிதானே" என்று வாங்கிவிடாதீர்கள். 150-ஓ 170-ஓ எடுத்துக்கொண்டு, காற்று பலமாக இருக்கும் நாளில் குதிக்காமல் தரையில் உட்கார்ந்துவிடுவது மேல்.

கன்டெய்னரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கன்டெய்னருக்குள் ஓர் அளவு கேனபிதான் ஒழுங்காக அடங்கும். அதற்கு மேலும் கீழும் ஒரு படி வரை சமாளிக்கலாம். "எப்படியும் அடுத்த வருஷம் 150-க்குப் போவேன்" என்று சின்ன கன்டெய்னர் வாங்குபவரை, அந்தப் பையே சின்ன கேனபிக்குத் தள்ளிவிடும். தம்பி காட்டிய விளம்பரத்தில் இருந்தது அப்படி ஒன்றுதான். அதில் 190 நுழையாது.

சரி, 190 என்று முடிவாகிவிட்டது. புதிதா பழையதா? கேனபியைப் பொறுத்தவரை நான் பழையதன் பக்கம். இன்றைய கேனபிகளின் காற்றுப் புகாத ஸீரோ-போ நைலான் புதிதாக இருக்கும்போது சோப்பு மாதிரி வழுக்கும். 31 குதிப்புக்காரர் அதை மடித்துக் காற்றை வெளியேற்றிப் பைக்குள் திணிப்பதற்குள் பாதி பக்கவாட்டில் பிதுங்கி வந்துவிடும். ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவில் வியர்த்து வழிய அதோடு மல்லுக்கட்டிவிட்டு விமானம் ஏறுவது நல்லதில்லை. சில நூறு குதிப்பு கண்ட துணி சொன்னபடி கேட்கும்.

ஆனால் லைனைப் பார்த்து வாங்க வேண்டும். ஸ்பெக்ட்ரா லைன்கள் உரசலின் சூட்டில் சுருங்கும். ஸ்டியரிங் லைன்கள்தான் அதிகம் சுருங்கும். அப்போது டாகிளைத் தொடாமலேயே கேனபிக்கு லேசாக பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும். விரியும் விதமும், இறங்கும் நொடியில் இரண்டு டாகிளையும் இழுத்து வேகத்தைக் குறைக்கும் ஃபிளேரும் கெடும். வெக்ட்ரான், எச்.எம்.ஏ லைன்கள் அப்படிச் சுருங்குவதில்லை, ஆனால் தேய்ந்தால் முன்னறிவிப்பில்லாமல் அறுந்துவிடலாம். டேக்ரான் லைன் தடிமனானது, மடித்தால் இடம் அடைக்கும்; ஆனால் இழுபடும் தன்மை இருப்பதால் விரியும்போது உடம்பைக் குலுக்காது. புதியவருக்கு டேக்ரான் ஒன்றும் குறைவில்லை. மாடலில், பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸின் பழைய சேபர் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். படாரென்று விரிந்து கழுத்தை உலுக்கும் என்று பெயர் வாங்கியது அது. அதே கம்பெனியின் சேபர்2, ஏழு செல் (காற்றறை) கொண்ட ஸ்பெக்டர் இரண்டில் ஒன்று கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்து வாங்கலாம். ஸ்பெக்டர் சேபர்2-ஐவிடச் செங்குத்தாக இறங்கும், மெதுவாக விரியும்.

ஆர்.எஸ்.எல்-ஆ, ஸ்கைஹுக்கா, எதுவும் வேண்டாமா

மெயின் கேனபி சரியாக விரியாமல் சுழல்கிறது. கட்அவே கைப்பிடியை இழுத்து அதைக் கழற்றி விடுகிறீர்கள். அடுத்து ரிசர்வ் கைப்பிடியை இழுக்க வேண்டும். ஆர்.எஸ்.எல் என்பது மெயினை உடம்போடு இணைக்கும் ரைஸருக்கும், ரிசர்வை மூடி வைத்திருக்கும் பின்னுக்கும் நடுவே உள்ள ஒரு பட்டை. மெயின் பறந்து போகும்போது அதுவே பின்னை உருவிவிடும். ஸ்கைஹுக் இன்னும் ஒரு படி மேலே. கழன்று போகும் மெயினே ரிசர்வை அதன் பையோடு வெளியே இழுத்துக்கொடுக்கும். இதைக் கொண்டுவந்தவர் ஃபுளோரிடாவின் டிலாண்டைச் சேர்ந்த பில் பூத். ரைஸரைக் கழற்றுகிற மூன்று வளைய அமைப்பும் அவர் கண்டுபிடித்ததுதான்.

இரண்டும் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கிறது. சுழன்றுகொண்டிருக்கும்போதே ரிசர்வ் வெளியே வந்தால் லைன்கள் முறுக்கிக்கொள்ளலாம். இன்னொருவர் கேனபியில் சிக்கிக்கொண்டால் கட்அவேக்குப் பிறகு கொஞ்சம் விலகி விழுந்துதான் ரிசர்வை இழுக்க வேண்டியிருக்கும். ஆனால் நிதானமாக விழுந்து, உடம்பை நிலைப்படுத்தி, உயரம் பார்த்து ரிசர்வ் இழுப்பது ஆயிரம் குதிப்புக்காரர் செய்வது. முதல் கட்அவேயில் 31 குதிப்புக்காரர் என்ன செய்வார்? சிலர் கைப்பிடியைத் தேடுவார்கள். சிலர் நிலைப்படுத்தப் பார்த்துக்கொண்டே உயரத்தை விட்டுவிடுவார்கள்.

"ஏ.ஏ.டி இருக்கே, அது பார்த்துக்காதா?" என்று தம்பி கேட்டான். இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏ.ஏ.டி வேலை செய்ய மணிக்கு 78 மைல் வேகம் வேண்டும். கோளாறான கேனபியின் கீழே பெரும்பாலும் நீங்கள் அவ்வளவு வேகத்தில் விழ மாட்டீர்கள். ஐந்நூறு அடியில் கட்அவே செய்தால் அந்த வேகத்தை எட்டவே மூன்று வினாடிக்குப் பக்கம் ஆகும். அதற்குள் ஏறக்குறைய இருநூறு அடி போய்விடும். மீதி முந்நூறு அடியில்தான் ரிசர்வ் முழுதாக விரிய வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் ஆர்.எஸ்.எல். மாணவர்களுக்கு யு.எஸ்.பி.ஏ இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கிறது. நேற்றுவரை இரண்டோடும் குதித்தவர், லைசென்ஸ் வந்த மறுநாள் மலிவு ரிக்குக்காக இரண்டையும் விட்டுவிடுவதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பணம் இருந்தால் ஸ்கைஹுக். இல்லையென்றால் ஆர்.எஸ்.எல். இரண்டும் பொருத்த முடியாத பழைய கன்டெய்னர் என்றால் முதல் ரிக்காக அது வேண்டாம்.

சைப்ரஸா விஜிலா

டிராப் ஸோனில் அதிகம் விவாதிக்கப்படுவது இதுதான். உண்மையில் மிகச் சுலபமான கேள்வியும் இதுதான்: எது கிடைக்கிறதோ அது.

சைப்ரஸ் ஜெர்மனியின் ஏர்டெக் 1991-இல் கொண்டுவந்தது. விஜில் பெல்ஜியத் தயாரிப்பு. இரண்டும் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டு, ரிசர்வை மூடி வைத்திருக்கும் கயிற்றைச் சின்ன வெடிமருந்துக் கத்தியால் அறுக்கும். சைப்ரஸ் எக்ஸ்பர்ட் சுமார் 750 அடியிலும், விஜில் புரோ சுமார் 840 அடியிலும், 78 மைல் வேகத்துக்கு மேல் இருந்தால் வேலை செய்யும். சாதாரணமாக விழும் வேகத்தில் 750 அடி என்றால் தரைக்கு நான்கு வினாடியும் கொஞ்சமும். இரண்டுக்கும் நடுவே உள்ள 90 அடி அரை வினாடி.

வித்தியாசம் பராமரிப்பில்தான். விஜிலுக்கு ஆயுள் 20 வருடம், கட்டாய சர்வீஸ் இல்லை, பேட்டரி மட்டும் மாற்ற வேண்டும். சைப்ரஸ் 2-இன் பழைய யூனிட்களுக்கு ஆயுள் 12.5 வருடம், புதியவற்றுக்கு 15.5, நடுவில் கம்பெனிக்கு அனுப்பிச் சரிபார்க்கும் முறை உண்டு. கம்பெனியே திறந்து பார்க்கும் என்ற நிம்மதிக்காகவே சைப்ரஸ் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். விஜிலில் புரோ, ஸ்டூடண்ட், டேண்டம் மூன்றும் ஒரே யூனிட்டில் மாற்றிக்கொள்ளலாம். பழையது வாங்கினால் திரையில் 'புரோ' என்றுதான் காட்டுகிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஏ.ஏ.டி விலையை மீதமுள்ள வருடங்களால் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது பல நேரம் புதியதைவிட வருடத்துக்கு அதிகம் விழும். ஆயுள் முடிந்ததை அமெரிக்காவில் சட்டப்படி பயன்படுத்தவும் முடியாது.

யாரும் கேட்காத ரிசர்வ்

மெயினின் அளவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், ரிசர்வின் அளவை யாரும் கேட்பதில்லை. விளம்பரத்தில் அந்தத் தம்பிக்கு வந்தது 126 ரிசர்வ். அவன் எடைக்கு லோடிங் 1.5-ஐத் தாண்டுகிறது. ஏ.ஏ.டி அறுக்கிற நிலைமை என்றால் நீங்கள் மயங்கியும் இருக்கலாம். அப்போது டாகிளைப் பிடிக்க ஆள் இல்லை, ஃபிளேர் இல்லை, எங்கே இறங்குகிறீர்கள் என்பதும் உங்கள் கையில் இல்லை. ஏ.ஏ.டி துணியை வெளியே கொண்டுவந்து தரும். உங்களைத் தரையில் இறக்குவது அந்தத் துணியின் அளவு. ரிசர்வ் மெயின் அளவுக்காவது இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் ஆப்டிமம் மாதிரி மெல்லிய துணி ரிசர்வ்கள் இருக்கின்றன.

தம்பி அந்த விளம்பரத்தை விட்டுவிட்டான். இப்போது டேக்ரான் லைனோடு ஒரு ஸ்பெக்டர் 190 பார்த்து வைத்திருக்கிறான். ஆர்.எஸ்.எல் உண்டு, விஜிலுக்கு ஒன்பது வருடம் மீதி இருக்கிறது. பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் ரிசர்வ் மடித்த விவரம் பதிந்த ரிசர்வ் கார்டின் இரண்டு பக்கம், மெயின், ரிசர்வ், கன்டெய்னர் மூன்றின் சீரியல் எண்கள், ஏ.ஏ.டி-யின் தயாரிப்புத் தேதி எல்லாவற்றுக்கும் படம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பார்சல் நேராக ரிக்கரின், அதாவது ரிக்கைப் பரிசோதித்து ரிசர்வை மடிக்கும் உரிமம் பெற்றவரின், முகவரிக்குப் போகும். அவர் பிரித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மீதிப் பணம்.