"எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டோம்": கருப்பை சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைக்கப்போகிற பெண்களுக்கு

கருப்பை எடுக்க நாள் குறித்துவிட்டு, உடுப்புகளையும் சுடுதண்ணீர்ப் போத்தலையும் பைக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிற பெண் யாராவது இதை வாசித்தால், பையை அப்படியே வைத்துவிட்டு இதை முழுவதும் வாசித்துவிட்டுப் போங்கள். வைத்தியசாலையின் பெயரையும் வைத்தியரின் பெயரையும் எழுதமாட்டேன். தனியாகக் கேட்டாலும் சொல்லமாட்டேன். எனக்கு நடந்தது அந்த ஒரு கட்டடத்துக்குள் மட்டும் நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு 42 வயது. திருகோணமலை நகரில் ஓர் அடகுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் பத்து நாள் இரத்தப்போக்கு. கதிரையிலிருந்து எழும்பும்போதெல்லாம் திரும்பிக் கதிரையைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கறுப்புச் சேலை மூன்றை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து உவர்மலை ஏற்றத்தில் நடந்து வீட்டுக்குப் போகிறவள், நடுவழியில் மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6. ஸ்கானில் மூன்று பைப்ரொயிட் கட்டிகள் (கருப்பைத் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டிகள்), பெரியது ஏழு சென்ரிமீற்றர். அதே தாளின் கடைசி வரியில் "இரு சூலகங்களும் இயல்பு" என்று ஆங்கிலத்தில் இருந்தது. சூலகம் என்பது கருப்பையின் இரு பக்கமும் இருக்கிற முட்டைப்பை. அந்த வரியை நான் அன்று கவனிக்கவில்லை. இன்று அந்தத் தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

சனலிங்கில், அதாவது காசு கட்டி வைத்தியரைத் தனியாரில் சந்திக்கிற இடத்தில், என் இலக்கம் 31. உள்ளே போனபோது இரவு ஒன்பது நாற்பது. வைத்தியர் ஸ்கான் தாளை வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பாராமல் என் கணவரைப் பார்த்துப் பேசினார். "இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தாயிற்றுத்தானே? இனி இது எதற்கு? எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிடுவோம். பிறகு புற்றுநோய்ப் பயமும் இருக்காது." இவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எல்லாவற்றையும் என்றால் கருப்பையை முழுதாக என்றுதான் நாங்கள் இருவரும் விளங்கிக்கொண்டோம். சூலகம் என்ற சொல் அந்த அறையில் ஒரு தடவையும் வரவில்லை. இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் வளையம், கட்டியை மட்டும் அகற்றுவது என்று வேறு வழிகள் இருப்பதும் வரவில்லை. எனக்குக் கருப்பையை எடுத்தது சரியாகவும் இருந்திருக்கலாம், அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை.

சம்மதப் படிவம் என் கைக்கு வந்தது சத்திரசிகிச்சைக்குப் போகிற காலையில். கையில் சேலைன் ஊசி ஏற்றியாகிவிட்டது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இவரிடம் கொடுத்தாகிவிட்டது. படிவம் முழுக்க ஆங்கிலம். நடுவில் புள்ளிக்கோட்டின் மேல் பேனாவால் டி.ஏ.எச். என்றும் பி.எஸ்.ஓ. என்றும் எழுதியிருந்ததாம். எனக்கு அது மங்கலாகத்தான் தெரிந்தது, ஏதோ வாட்டு இலக்கம் என்று நினைத்தேன். "மிஸ், இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "ஓப்பரேசனுக்குச் சம்மதம் அம்மா. எல்லாரும் வைக்கிறதுதான், வையுங்கள்." வைத்தேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பத்தொன்பது வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது "வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்" என்பதைத்தான். மூதூரிலிருந்து வருகிற ஒரு பாட்டி இரண்டு பவுண் காப்பை நீட்டினால், உரைகல்லில் உரைத்து, தராசில் நிறுத்து, எத்தனை கரட், எத்தனை கிராம், வட்டி எவ்வளவு, எப்போது மீட்கவேண்டும் என்று வாய்விட்டு வாசித்துக் காட்டி, பெருவிரல் அடையாளம் எடுத்து, ஒரு சீட்டை அவர் கையில் கொடுத்துத்தான் காப்பை உள்ளே எடுப்பேன். திரும்பக் கிடைக்கக்கூடிய ஒரு காப்புக்கு இவ்வளவும் இருக்கிறது.

மயக்கம் தெளிந்ததும் வைத்தியர் வந்து, "எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டோம், இனிக் கவலை இல்லை" என்றார். நன்றி சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் தொடங்கியது. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு வெக்கை எழும்பி, கழுத்து, முகம், காது என்று ஏறி, உச்சியில் நின்று, பிறகு வியர்வையாக வடிந்துவிடும். அதன் பின்னால் குளிர். ஐந்து நிமிடம்கூட இருக்காது, ஆனால் ஒரு நாளில் இருபது தடவை. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழு கிணறும் ஏழு சூடு என்பார்கள். எனக்கு ஏழும் உடம்புக்குள் இருந்தன. அம்மா முதலில் காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துத் தந்தார். பிறகு நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். பாவம், மிளகாய் நன்றாகவே மணத்தது, அதற்குக்கூட எனக்கு அழுகை வந்தது. இரவில் மூன்று மணிக்கு எழும்பித் தலையணை உறையை மாற்றுவேன். வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரே சங்கிலியை மூன்று தடவை நிறுத்து, மூன்று தடவையும் வேறு எண்ணை எழுதினேன். பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தேன். முழங்காலும் விரல் மூட்டும் வலித்தன. கணவன் மனைவிக்குள் நடந்ததை இங்கே எழுதவில்லை. பெண்களுக்கு விளங்கும்.

மீள்பரிசோதனைக்குப் போனபோது அதே வைத்தியர், "எல்லாருக்கும் வருவதுதான், மூன்று மாதத்தில் போய்விடும்" என்று விற்றமின் எழுதித் தந்தார். என்னுடைய மச்சாள், "கருப்பை எடுத்தால் அப்படித்தான் இருக்குமாம்" என்றார். நானும் நம்பினேன். கருப்பையை மட்டும் எடுத்தால் பொதுவாக அப்படி இராது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நாலாம் மாதம் அரச கிளினிக் ஒன்றுக்குப் போனேன். அங்கே இருந்த இளம் வைத்தியர் என் டயக்னோசிஸ் கார்ட்டை (வைத்தியசாலையை விட்டு வரும்போது, செய்த சிகிச்சையை எழுதித் தரும் அட்டை) வாசித்துவிட்டு நிமிர்ந்து, "இரண்டு சூலகத்தையும் எடுத்திருக்கிறார்களே அம்மா, ஏன் எடுத்தார்கள்?" என்று என்னிடம் கேட்டார். நான் அவரிடம், "எடுத்திருக்கிறார்களா?" என்று கேட்டேன். அவர் கிளினிக் கொப்பியின் பின்புறத்தைத் திருப்பி, கவிழ்த்த கொய்யாப்பழம் மாதிரி ஒன்றை வரைந்து, இரண்டு பக்கமும் கருக்குழாய் இழுத்து, குழாய் நுனியில் பாதாம் பருப்பு அளவில் இரண்டு வட்டம் போட்டார். பிறகு பேனாவால் முழுவதையும் குறுக்கே வெட்டினார். டி.ஏ.எச். என்பது வயிற்றைத் திறந்து கருப்பையை முழுதாக எடுப்பது. பி.எஸ்.ஓ. என்பது இரு பக்கக் குழாயும் சூலகமும். அதன் கடைசி எழுத்தான ஓதான் சூலகம். அந்தக் கொப்பியை மாற்றவேண்டிய காலம் வந்தும் நான் இன்னும் மாற்றவில்லை.

வெட்டியெடுத்த உறுப்புகளின் திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு அந்தத் தனியார் வைத்தியசாலைக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். முதல் தடவை பொறுப்பானவர் இல்லை, இரண்டாம் தடவை கணினி வேலை செய்யவில்லை. மூன்றாம் தடவை கதவடியில் உட்கார்ந்துகொண்டேன், பத்து நிமிடத்தில் தாள் வந்தது. இரண்டு சூலகத்திலும் நோய் எதுவும் இல்லை.

அதன் பிறகுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன். சூலகம் பிள்ளை பெறுவதற்கு மட்டும் என்றுதான் என்னைப் போல் பலரும் நினைத்திருக்கிறோம். அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பைக் காக்கிறது, இரத்தக் குழாய்க்கும் தூக்கத்துக்கும் வேண்டும். ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் இயல்பாக நிற்கும்போது அது சில வருடங்களாகப் படிப்படியாகக் குறைகிறது. நின்ற பிறகும் சூலகம் சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் ஆண் ஹோர்மோன் சுரந்துகொண்டிருக்கும், உடம்பின் கொழுப்பு அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும். சூலகத்தை வெட்டியெடுத்தால் அவ்வளவும் ஓரிரு நாளில் விழுந்துவிடுகிறது.

அமெரிக்கத் தாதியரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்றில், கருப்பை எடுத்த 29,380 பெண்களை 24 வருடம் கவனித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். சூலகத்தையும் எடுத்தவர்களுக்குச் சூலகப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் குறைந்தன. ஆனால் இதய நோயும் மொத்த மரணமும் கூடின. எந்த வயதில் எடுத்தாலும் ஆயுள் கூடியதாகக் காணவில்லை. இது கவனித்து எழுதிய ஆய்வு, ஆகவே எல்லாப் பழியையும் சூலகம் எடுத்ததன் மேல் போட்டுவிட முடியாது. என்றாலும் "இனி இது எதற்கு?" என்ற கேள்விக்கு விடை இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

புற்றுநோய்ப் பயத்தையும் சும்மா தள்ளிவிடக் கூடாது. குடும்பத்தில் அப்படி யாரும் இல்லாத சாதாரணப் பெண்ணுக்கு வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. பி.ஆர்.சி.ஏ. 1 என்ற மரபணுவில் பிழை இருப்பவருக்கு அது நூற்றில் நாற்பதைத் தொடும். என்னோடு வேலை செய்கிற ஒருவரின் அம்மாவும் சின்னம்மாவும் சூலகப் புற்றுநோயில் போனவர்கள். அவர் பரிசோதித்துப் பார்த்து, கேட்டு, யோசித்து, இரண்டையும் எடுக்கச் சொன்னார். சரியாகத்தான் செய்தார். சூலகத்தில் சந்தேகமான கட்டி இருப்பவருக்கும், கடுமையான எண்டோமெற்றியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருப்பவர்களில் சிலருக்கும், மாதவிடாய் நின்று வருடங்கள் ஆனவருக்கும் கணக்கு வேறு. எனக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை.

எனக்கு இன்றும் ஆத்திரம் தருகிற செய்தி ஒன்று உண்டு. சூலகப் புற்றுநோய் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது கண்டிருக்கிறார்கள். ஆகவே கருப்பையோடு குழாய்களை மட்டும் எடுத்து, சூலகங்களை விட்டுவைக்கும் முறை பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010இலேயே தொடங்கிவிட்டார்கள். புற்றுநோய்ப் பயத்தையும் குறைத்து சூலகத்தையும் வைத்திருக்க வழி இருந்திருக்கிறது. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

விட்டுவைத்தால் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கருப்பை போனபின் சூலகம் சிலருக்கு ஓரிரு வருடம் முந்தியே ஓய்ந்துவிடலாம். பின்னால் அதில் நீர்க்கட்டி வந்து இன்னொரு தடவை படுக்கவேண்டியும் வரலாம். இதையெல்லாம் கேட்டுவிட்டு நானே "எடுங்கள்" என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை.

இப்போது ஈஸ்ட்ரோஜன் எடுக்கிறேன். தருவதற்கு முன் இரத்த அழுத்தம் பார்த்தார்கள், மார்பகத்தைப் பரிசோதித்தார்கள், இரத்தக் கட்டி வந்திருக்கிறதா, ஈரல் நோய் உண்டா என்று கேட்டார்கள். கருப்பை இல்லாதபடியால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதுமாம். இருப்பவர்களுக்கு அதோடு இன்னொரு ஹோர்மோனும் வேண்டும். ஐம்பது வயதுவரையாவது தொடரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு முழு இரவு தூங்கினேன். ஆனால் சில மாதம் நகரத்துப் பார்மசிகளில் அந்த மருந்து இருப்பதில்லை. அந்த மாதங்களில் கன்னியா திரும்பி வந்துவிடும். என்னைப் போல் 45 வயதுக்கு முன் இரண்டும் எடுக்கப்பட்டு "விற்றமின் போதும்" என்று அனுப்பப்பட்டவர்கள் இருந்தால், கார்ட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போங்கள். சூட்டைத் தாங்கிக்கொள்ளலாம், உள்ளே எலும்பு தேய்வது வெளியே தெரியாது.

போகப்போகிறவர்கள் கையெழுத்துக்கு முதல் நாளே படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், ஊசி ஏற்றியபின் வாங்காதீர்கள். அதிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "எல்லாம்", "சுத்தம்" என்ற சொற்களை யாராவது சொன்னால், எது எது என்று எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். என் சூலகத்தில் என்ன குறை, எடுத்தால் ஹோர்மோன் தருவீர்களா, எத்தனை வயதுவரை, குழாயை மட்டும் எடுக்கலாமா என்று கேளுங்கள். வைத்தியர் கோபித்தால் கோபிக்கட்டும், அடுத்த சனலிங்குக்கு அதே காசுதான். முறைப்பாடு செய்ய நினைப்பவர்களுக்கு, வைத்தியர் பற்றியது இலங்கை மருத்துவப் பேரவைக்கு. வைத்தியசாலை பற்றியது தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் பேரவைக்கு. கார்ட், ஸ்கான், திசு அறிக்கை, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள்.

"கருப்பை எடுத்தால் அப்படித்தான் இருக்குமாம்" என்று சொன்ன என் மச்சாளுக்கும் போன மாதம் கருப்பை எடுத்தார்கள். அவருக்கு 44. முதல் நாள் இரவு எங்கள் வீட்டு மேசையில் இருந்துகொண்டு, படிவத்தின் அடியில் தன் கையால் தமிழில் எழுதினார்: "புற்றுநோய்ச் சந்தேகம் கண்டால் தவிர, என் இரண்டு சூலகங்களையும் எடுக்கவேண்டாம். குழாய்களை எடுக்கலாம்." வைத்தியர் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே தானும் ஒப்பமிட்டாராம். வீட்டுக்கு வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு, வயிற்றைப் பிடித்தபடி கட்டிலில் சாய்ந்துகொண்டு டயக்னோசிஸ் கார்ட்டை நீட்டினார். "முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள் மச்சாள்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். டி.ஏ.எச்., அதற்குப் பக்கத்தில் பி.எஸ். இருந்தது. ஓ இல்லை.