ஸ்காபரோ குளிரில் விண்டர் ரயரும் ஸ்னோ புளோவரும்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

டொரொன்ரோவின் ஸ்காபரோவில், விடியமுன்னமே வீட்டை விட்டுப் புறப்பட்டு 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிற ஆள் நான். பல குளிர்காலமாகக் குளிருக்கென்றே செய்த தனி விண்டர் ரயர் பாவிக்கிறேன். ஸ்னோவை வாரி எறிகிற, பேட்டரியில் ஓடும் ஸ்னோ புளோவர் மெஷின் பிற்பாடு வந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், முதலில் ரயர்.

வருடம் முழுக்கப் போடும் ஓல்-சீசன் ரயரின் ரப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கிவிடும். வீதியில் ஸ்னோவே இல்லாத நாளிலும் அப்படித்தான். விண்டர் ரயர் கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். அதன் மேற்பரப்பு முழுக்கக் கத்தியால் கீறியதுபோல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள். ஸ்னோவைக் கவ்விப் பிடிப்பவை அவைதான். வாங்கும்போது பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் உள்ள அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். சேறு, ஸ்னோ என்பதைக் குறிக்கும் எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது.

நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் வைத்திருக்கும் நண்பர்கள், "எங்களுக்கு எதற்கு இது?" என்பார்கள். அந்த இழுவை புறப்படவும் மேட்டில் ஏறவும் உதவும். பிரேக் போடும்போது கைகொடுக்காது. எங்கள் தெரு முடிவில் சிக்னலை நோக்கி ஓர் இறக்கம் இருக்கிறது. அங்கே பிரேக்கை அழுத்தினால், சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று அதிரும், காலை எடுக்காமல் அழுத்தியபடியே இருந்தால் கோட்டுக்கு முன்னமே கார் நின்றுவிடும். விண்டர் ரயருக்கு நான் கொடுக்கும் முழு மதிப்பெண்ணும் இந்த ஓர் இடத்துக்காகத்தான்.

குறைகளும் உண்டு. காய்ந்த வீதியில் சத்தம் கூட, பெற்றோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். வெயில் காலத்தில் விட்டுவைத்தால் வேகமாகத் தேயும். பாதி தேய்ந்த பிறகு ஸ்னோவில் பிடிமானம் நன்றாகவே குறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கறுப்பு ஐஸில், அதுவும் பாலங்களின் மேல், எந்த ரயரும் அதிசயம் செய்யாது. அங்கே வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. 2022 ஜனவரி 17 புயலில் டிவிபி, கார்டினர் என்ற இரண்டு நகர விரைவுச்சாலைகளையும் மாநகரமே மூடியது. அப்படிப்பட்ட நாளில் காரைத் தொடவே கூடாது.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல் காப்புறுதிக்காரர்கள் இதற்குக் கட்டணக் கழிவு தரவேண்டும். கேளுங்கள், கேட்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, ஸ்னோ புளோவர். முன்பு ஸ்னோ அள்ள ஒரு நிறுவனத்துக்கு சீசன் ஒப்பந்தம் கொடுத்திருந்தேன். 5 சென்ரிமீற்றர் விழுந்தால்தான் வருவார்கள், அதுவும் நான் வேலைக்குப் போய் வெகு நேரம் கழித்து. சொந்த மெஷின் வந்ததும் அந்தக் காத்திருப்பு போனது. புதிதாக விழுந்த உதிரி ஸ்னோவை அழகாக வாரி எறிகிறது. மாநகர வண்டி வீதியை வழித்துக்கொண்டு போகும்போது ட்ரைவ்வே வாசலில் ஒதுக்கிவிடும் ஈரமான குவியல் இருக்கிறதே, அதில்தான் திணறும். முதலில் ஷவலால் உடைத்துக் கொடுக்கவேண்டும். 2025 பெப்ரவரியில் அடுத்தடுத்து வந்த புயல்களில் ஒரு பேட்டரி போதவில்லை, இரண்டாவது வாங்கினேன். மெஷினின் வாய் அடைத்துக்கொண்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கூட வரும் கோலால்தான் குத்தி எடுக்கவேண்டும். நின்றுவிட்டதே என்று கையை விடவே விடாதீர்கள்.

இதயநோய், முதுகுவலி உள்ளவர்களுக்கு என் பரிந்துரை ஒப்பந்தம்தான். ஆனால் எத்தனை மணிக்குள் வருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். படிக்கட்டுக்குப் போடும் சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அந்த நாட்களுக்குக் கல்சியம் குளோரைட் ஒரு வாளி வைத்திருங்கள்.

ரயரை ஒக்டோபரிலேயே, தனி ரிம்மோடு சேர்த்து வாங்குங்கள். முதல் ஸ்னோ விழுந்த மறுநாள் கடைக்குப் போனால் உங்கள் அளவு கிடைப்பதே பாடு.