உறைந்த ஏரியில் எந்தக் கூடாரம்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ் ஏரி உறைந்ததும் அதன்மேல் ஓர் ஊரே குடியேறிவிடுகிறது. பனிக்கட்டியில் துளையிட்டு, ‘வாலாய்’ மீனுக்குத் தூண்டில் போடுபவர்களின் கூடாரங்கள் அவை. முதன்முறை வாங்குபவர்கள் எத்தனை பேர் உட்காரலாம், அடுப்பு வைக்க இடம் உண்டா என்றே விசாரிக்கிறார்கள். ஆனால் பனிக்கட்டி எத்தனை அங்குலத் தடிமன் என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

தெளிந்த, புதிய பனிக்கட்டியின்மேல் நடக்க 4 அங்குலம், பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7, முழு அளவு பிக்கப் டிரக்குக்கு 13 அங்குலம் வேண்டும் என்கிறது மாநில இயற்கை வளத் துறை. பால்போல் வெளுத்திருந்தால் இரு மடங்கு தேவை.

பருவத் தொடக்கத்துக்கு ஏற்றது ‘ஃபிளிப்-ஓவர்’. 1980-களில் இந்த வடிவத்தைப் பரவலாக்கியவர் டேவ் ஜென்ஸ் என்ற மினசோட்டாக்காரர். சறுக்குவண்டியும் கூடாரமும் ஒன்றே. துளைக்கருவி, தூண்டில், அடியில் மீன் இருப்பதைக் காட்டும் சோனார் எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக் கையாலேயே இழுத்துப் போகலாம். துளையிட்டு, மிதக்கும் பனிச்சிதறல்களைச் சல்லடைக் கரண்டியால் அள்ளிப்போட்டு, வண்டியிலுள்ள இருக்கையில் அமர்ந்து, பின்னாலிருக்கும் சட்டத்தைத் தலைக்குமேல் கவிழ்த்தால் போதும், காற்று நின்றுவிடும். சோனாரில் மீன் தெரியவில்லையா? சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அடுத்த துளைக்கு நகரலாம். மீன் நம்மைத் தேடி வராது, நாம்தான் போக வேண்டும் என்று நம்புகிறவன் நான். அதனால் இதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். இருவருக்குமேல் இடம் நெருக்கடிதான்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ‘ஹப்’ நல்லது. நீண்ட பைக்குள் அடங்கும் இதைத் தரையில் வைத்து, ஒவ்வொரு சுவரின் நடுவிலும் உள்ள பிடியை வெளிப்பக்கம் இழுத்தால் சுவர் விம்மிக்கொண்டு நிற்கும். நான்கைந்து பேர் நிமிர்ந்து நடமாடலாம். ஆனால் முதல் சுவரை விரிப்பதற்குள்ளேயே காற்று வரும் பக்கத்தில் ஒரு திருகு ஆணியைப் பனிக்கட்டியில் இறக்கிவிடுங்கள். ஏரிக்காற்று ஹப்பைப் பட்டம்போல் தூக்கிப் போய்விடும். இடம் மாற்றுவதும் தொல்லை. ஆணிகளைப் பிடுங்கிச் சுருட்டி மறுபடி விரிப்பதற்குள் மாலை மீன் கடிக்கும் நேரம் போய்விடுகிறது. பஞ்சு வைத்துத் தைத்த துணியாக வாங்கினால் வெப்பம் தங்கும், உட்சுவரில் ஈரம் சொட்டுவதும் குறையும். கூடுதல் விலைக்கு அது தகும்.

‘வீல்ஹவுஸ்’ முழு வீடு. படுக்கை, சமையல் அடுப்பு, மூடியிட்ட துளைகள் கொண்ட தரை என எல்லாம் உண்டு. டிரக்கில் இழுத்து வந்து, சக்கரங்களை மேலேற்றித் தரையை ஏரியில் படியவைப்பார்கள். இரவெல்லாம் மீன் பிடிக்க இதற்கு இணையில்லை. ஆனால் வீட்டோடு டிரக்கின் எடையும் பனிக்கட்டியில் இறங்குவதால், ஜனவரிக்கு முன் இதை ஏற்றவே துணியக்கூடாது. அடிச்சட்டம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மார்ச்சில் மாநிலம் விதிக்கும் கெடுவுக்குள் பெயர்த்து எடுத்தாக வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை போகிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம். கனடா எல்லையிலுள்ள லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரியில் விடுதிக்காரர்களே படுக்கையுள்ள வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள்.

எதை எடுத்தாலும் உள்ளே புரொப்பேன் ஹீட்டர் எரியும்போது காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அதைக் கண்டறிந்து ஒலிக்கும் சிறு கருவியைத் தூண்டில் பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.